ஆட்டுத்தோல் பூட்ஸ் போட்ட மாப்பிள்ளை

ஆம்பூரில் பிறந்தவன் உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் இரண்டு கேள்விகளிலிருந்து தப்ப முடியாது. முதல் கேள்வி பிரியாணியைப் பற்றியது. அடுத்தது, எதிரில் இருப்பவர் தன் காலிலிருந்து எதையாவது கழற்றி என் மூக்குக்கு நேராக நீட்டி, "இது ஒரிஜினல் லெதர்தானே? பாத்துச் சொல்லேன்" என்பது.

இரண்டிலும் எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் வீடு சுத்த சைவம். முட்டையைக்கூட அம்மா கேட்டுக்கு வெளியே நிறுத்திப் பேசி அனுப்பிவிடுவார். அப்பா மின்சார வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவர். எங்கள் குடும்பத்துக்கும் தோல் தொழிலுக்கும் இருந்த ஒரே உறவு, காற்று அந்தப் பக்கமிருந்து அடிக்கும் நாட்களில் ஜன்னல் வழியாக வந்த வாடை. அதையும் அம்மா ஜன்னலைச் சாத்தித் தடுத்துவிடுவார்.

டெக்சாஸில் பிளானோவுக்கு வேலைக்கு வந்த புதிதில் இதையெல்லாம் நேர்மையாகச் சொல்லிப் பார்த்தேன். யாரும் நம்பவில்லை. 'ஊர்க்காரன், அடக்கமாகப் பேசுகிறான்' என்று நினைத்தார்கள். ஒருநாள் ஆபீஸில் ஒரு மேனேஜர் தன் பெல்ட்டைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார். கொடுத்த பெல்ட்டை வைத்துக்கொண்டு சும்மா நிற்க முடியுமா? கட்டை விரலால் தேய்த்தேன். மடக்கிப் பார்த்தேன். கண்ணைப் பாதி மூடி மோந்து பார்த்து, "ம்ம்... நல்ல தோல்" என்றேன். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ கழன்றுவிட்டது. (புத்திதான், வேறென்ன.)

அதற்குப் பிறகு பிளானோ தமிழர்களின் கைப்பை, பர்ஸ், ஷூ எல்லாவற்றுக்கும் நான்தான் தீர்ப்பு. சிலவற்றை "நல்ல தோல்" என்பேன், சிலவற்றை "அவ்வளவு சரியில்லை" என்பேன். பாதி நேரம் சரியாக இருந்தது. பாதி நேரம் சரியாகச் சொல்பவனுக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் நிபுணர்.

இந்த நிபுணருக்குப் பெண் பார்த்தார்கள்.

பெண் பெயர் ஹரிணி. நியூ ஜெர்சியில் ஈஸ்ட் பிரன்ஸ்விக். மருந்து கம்பெனி ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. அதாவது, ஒரு மாத்திரை மற்ற மாத்திரைகளைப் போல இல்லையென்றால் அது ஏன் என்று அதன் வம்சம் வரைக்கும் விசாரிக்கிற உத்தியோகம். அப்பா தணிகாசலம், குடியாத்தத்துக்காரர். அவரும் அதே மாதிரி வேறொரு கம்பெனியில் கெமிஸ்ட். ஹரிணி நான்கு வயதில் அமெரிக்கா வந்தவள் என்றாலும் தமிழ் நன்றாகப் பேசினாள். வீடியோவில் இரண்டு மூன்று முறை பேசினோம். எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கு என்ன தோன்றியது என்று தெரியவில்லை. அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு ஆய்வுக்கூடத்தின் வெளிச்சம் இருந்தது.

ஜனவரி மாதம் நேரில் வரச் சொன்னார்கள். கடைசியாகப் பேசியபோது, "இங்க இப்போ செம குளிர். ஒழுங்கா பூட்ஸ் போட்டுட்டு வாங்க" என்றாள்.

"என்ன பூட்ஸ்?"

"இங்க எல்லாரும் ஷீப்ஸ்கின் பூட்ஸ்தான். ஸ்கூல் பொண்ணுங்கள்லேர்ந்து எங்க டைரக்டர் வரைக்கும். நானும் அதான் வச்சிருக்கேன்."

ஷீப்ஸ்கின்! செம்மறியாட்டுத் தோல்! தோல் என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்ததை நான் ஒரு சகுனமாக எடுத்துக்கொண்டேன். இதில் நான் யாரென்று காட்டாவிட்டால் ஆம்பூரில் பிறந்து என்ன பயன்?

அந்தச் சனிக்கிழமை, இந்திய மளிகைக் கடைகள் இருக்கும் வளாகத்துக்குப் பக்கத்தில் கார் நிறுத்துமிடத்தில் கூடாரம் போட்டு ஒருவர் பூட்ஸ் விற்றுக்கொண்டிருந்தார். என் அளவுக்குக் கருநீலத்தில் ஒரே ஒரு ஜோடி இருந்தது. உள்ளே கையை விட்டால் புசுபுசுவென்று பூனைக்குட்டியின் வயிறு மாதிரி. வழக்கம்போல் கட்டை விரல், மடக்கல், மோப்பம் எல்லாம் நடத்தினேன். கடைக்காரர் மரியாதையோடு, "உங்களுக்குத் தோலைப் பற்றித் தெரியும்போல" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"நான் ஆம்பூர்" என்றேன்.

"ஓ! ஆம்பூர்!" என்று புருவத்தை உயர்த்தினார். அவர் அந்த வார்த்தையை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டிருப்பார் என்பது எனக்கு இப்போது தெரிகிறது. விலை, சந்தேகப்பட வேண்டிய அளவுக்குக் குறைவு. நான் சந்தோஷப்பட்டேன்.

விமான நிலையத்துக்குக் காரில் கொண்டுவிட்டவன் என்னோடு அபார்ட்மென்டில் தங்கியிருந்த ரியாஸ். என் காலைப் பார்த்துவிட்டு, "டேய், இதைப் போட்டுக்கிட்டா ஸ்னோல நடக்கப் போற? இது வீட்டுக்குள்ள போடற ஐட்டம்டா" என்றான்.

"தோலைப் பத்தி ஆம்பூர்க்காரனுக்கே பாடம் எடுக்கறியா?"

"சரி, சாக்ஸாவது போடு."

"ஒரிஜினல் ஆட்டுத்தோலை வெறும் கால்லதான் போடணும். அதான் முறை."

இந்த முறையை நான் முந்தின நாள் இணையத்தில் படித்திருந்தேன். ரியாஸ் டோல்வே சாலையில் ஏறியதும் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டான்.

விமானத்தில் உட்கார்ந்து மிச்சத்தையும் படித்தேன். ஒரு பெண்ணைப் பார்க்கப் போகிறவன் என்ன பேசலாம் என்று யோசிப்பான். நான் ஆட்டுத்தோல் பூட்ஸின் வரலாற்றை மனப்பாடம் செய்தேன். மூன்றரை மணி நேரப் பயணத்தின் முடிவில் செம்மறியாடே நேரில் வந்து கேட்டாலும் பதில் சொல்லும் நிலையில் இருந்தேன்.

நியூவர்க் விமான நிலையத்தில் இறங்கி வாடகைக் கார் பிடித்தேன். அந்தக் குடியிருப்பில் எல்லா வீடும் ஒரே அச்சு. டிரைவர் என்னைத் தெருவின் இந்த முனையில் இறக்கிவிட்டுப் போனார். வீடு அந்த முனையில். முந்தின நாள் பெய்த பனி பாதி உருகி, ஓரமெல்லாம் சாம்பல் நிறத்தில் கூழாகிக் கிடந்தது. டெக்சாஸ்காரனுக்குப் பனி என்றால் வெள்ளையாகத் தெரிய வேண்டும். கூழைத் தரை என்று நம்பிக் காலை வைத்தேன். கணுக்கால் வரை இறங்கியது. அடுத்த காலையும் வைத்தேன். (ஒரு கால் மட்டும் நனைந்தால் நன்றாக இருக்காது பாருங்கள்.)

சிறிது தூரத்தில் பூட்ஸுக்குள் ஏதோ சளக் சளக் என்றது. முதலில் சில்லென்று இருந்து, பிறகு கதகதப்பானது. 'ஆகா, ஆட்டு ரோமம் தன் வேலையைக் காட்ட ஆரம்பித்துவிட்டது' என்று நினைத்துக்கொண்டே பெருமிதமாக நடந்தேன்.

தணிகாசலம் அங்கிள் கதவைத் திறந்தார். "வாப்பா, வாப்பா! வழி கண்டுபுடிக்க கஷ்டமா இருந்துதா?" என்று தோளில் தட்டினார். உள்ளே மசால் வடை வாசனை. சமையலறையிலிருந்து ஹரிணியின் அம்மா கலா ஆன்ட்டி, "வாங்க தம்பி, உக்காருங்க, இதோ வந்துட்டேன்" என்று குரல் கொடுத்தார்.

வாசலை ஒட்டிய சின்ன இடத்தில் கறுப்புக் கால்மிதி. அதன் மேல் செருப்பு ரேக். வெளிச்சம் குறைவு. பூட்ஸைக் கழற்றி வைத்தேன். அப்போதுதான் ரேக்கில் அதைப் பார்த்தேன். பழுப்பு நிறத்தில், கொஞ்சம் தேய்ந்த ஒரு ஜோடி ஆட்டுத்தோல் பூட்ஸ்.

நிபுணனின் கை சும்மா இருக்குமா? எடுத்தேன். கட்டை விரலால் தேய்த்தேன். மடக்கினேன். கண்ணைப் பாதி மூடி, மூக்கருகே கொண்டுபோய் ஆழமாக இழுத்தேன்.

"அங்கிள், தப்பா நெனச்சுக்காதீங்க. இது டூப்ளிகேட். யாரோ ஏமாத்திட்டாங்க."

"அது என்னோடது" என்றது ஒரு குரல்.

மாடிப்படியில் ஹரிணி நின்றிருந்தாள். முதல்முறையாக நேரில் பார்க்கிறாள். தன்னைப் பெண் பார்க்க வந்தவன், வெறும் காலோடு வாசலில் நின்று, தன் பூட்ஸை மோந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். இதற்குமேல் ஒருவனால் கீழே போக முடியாது என்று நீங்கள் நினைக்கலாம். அவளும் அப்படித்தான் நினைத்ததாகப் பிறகு சொன்னாள்.

அங்கிள் சிரித்து மழுப்பி, "தோல் ஊர்க்காரரும்மா, கை பரபரன்னுதான் இருக்கும்" என்று என்னைக் காப்பாற்றி உள்ளே அழைத்துப் போனார். அவர் முன்னால் நடந்தார். நான் பின்னால் நடந்தேன். வாசலிலிருந்து ஹால் வழியாக ஜன்னலோரம் இருந்த சோஃபா வரை, ஹால் முழுக்க வெளிர் சந்தன நிறத்தில் கார்ப்பெட். (அந்த நிறத்தைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது.)

சோஃபாவில் உட்கார்ந்து கையால் தடவினேன். "நல்ல லெதர் அங்கிள்."

அங்கிள் ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார். பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, "ஏம்ப்பா, எனக்கு ஒண்ணு புரியல. இந்த பூட்ஸ்ல அப்படி என்னாதான் இருக்குது? பாக்க யானைக்காலாட்டம் இருக்குது. எங்க ஆபீஸ்ல பாதி பேரு இதைத்தான் போட்டுக்கினு திரியறாங்க" என்றார்.

கேட்டுவிட்டார். மூன்றரை மணி நேரம் காத்திருந்த அணை திறந்தது.

"அங்கிள், இது ஆரம்பத்துல ஃபேஷனே கிடையாது. ஆஸ்திரேலியால ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கிறவங்க இருக்காங்க இல்ல, அவங்க கால்ல சுத்திக்கிட்ட சமாச்சாரம். கம்பளில இருக்கற எண்ணெய்ப் பசை சாதாரண செருப்பை ஊற வச்சுக் கெடுத்துடும். ஆட்டுத் தோலுக்கு ஒண்ணும் ஆகாது. அதனால தோலையே செருப்பா தச்சுக்கிட்டாங்க."

"ஓ."

"அப்புறம் போர்க் காலத்துல விமானம் ஓட்டினவங்க. மேல போனா குளிரும் இல்லையா? அவங்களும் ஆட்டுத்தோல் பூட்ஸ்தான்."

"ஓகோ."

"அதுக்கப்புறம் கடல்ல பலகை வச்சு அலைல சறுக்கறவங்க. தண்ணியவிட்டு வந்ததும் கால் விறைச்சுப் போயிருக்கும், இதுக்குள்ள விட்டுப்பாங்க. அப்படியே ஒரு ஆஸ்திரேலியாக்காரர் கலிஃபோர்னியாவுக்கு மூட்டை கட்டி எடுத்துட்டு வந்தாரு. முதல்ல யாரும் சீண்டல. கடற்கரைப் பசங்க மட்டும் வாங்கினாங்க. அப்புறம் சினிமா நடிகைங்க ஷூட்டிங் இடைவேளைல போட்டுக்கிட்டு போட்டோல வந்தாங்க. அவ்வளவுதான், அமெரிக்கா பூரா தீ மாதிரி பரவிடுச்சு. நடுவுல அசிங்கம்னு எல்லாரும் கிண்டல் பண்ணித் தூக்கிப் போட்டாங்க. அதோட பேரே அசிங்கம்ங்கற இங்கிலீஷ் வார்த்தைலேர்ந்துதான் வந்துச்சுன்னு ஒரு கட்சி உண்டு. இப்போ பாருங்க, மறுபடியும் அதே பூட்ஸ் வந்துடுச்சு!"

என் வாழ்நாளில் நான் அவ்வளவு சரளமாகப் பேசியதில்லை. நடுநடுவே ஹரிணியைப் பார்த்தேன். அவள் உட்காரவில்லை. படிக்கட்டின் அடியில் நின்றபடி தலையைக் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வை மெல்ல வாசலிலிருந்து சோஃபா வரை வந்து, திரும்ப வாசலுக்குப் போனது. அமெரிக்காவில் வளர்ந்த பெண்ணுக்கு இவ்வளவு வெட்கமா என்று என் மனம் உருகிப்போனது.

கடைசியில் அவள் தலையை நிமிர்த்தாமலே, "ஒரு நிமிஷம். நீங்க சாக்ஸ் போடலையா?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி! "ஒரிஜினல் ஆட்டுத்தோலுக்கு சாக்ஸ் போடக் கூடாதுங்க. தோலும் தோலும் நேரா பேசணும்" என்று சொல்லி, அந்தத் தத்துவத்துக்கு ஏற்ற கம்பீரத்தோடு கால் மேல் கால் போட்டேன்.

என் உள்ளங்கால் தணிகாசலம் அங்கிளின் முகத்துக்கு நேராக வந்தது. அவர் கண்கள் விரிந்தன. அதே நேரம் சமையலறையிலிருந்து வடைத் தட்டோடு வந்த கலா ஆன்ட்டி ஹாலின் நடுவில் அப்படியே நின்றார்.

"ஐயையோ! என்னங்க இது! கோகுலாஷ்டமிக்குக் கிருஷ்ணர் கால் போட்டாப்பல!"

அப்போதுதான் நான் குனிந்து பார்த்தேன். வாசலிலிருந்து சோஃபா வரை, வலது, இடது, வலது, இடது என்று அச்சுப் பிசகாமல், ஐந்து விரலும் தெளிவாக விழுந்த நீலக் காலடிகள். கிருஷ்ணருக்குச் சின்னப் பாதம். எனக்குப் பத்தாம் நம்பர். என் இரண்டு கால்களும் கணுக்கால்வரை, சொட்டு நீல டப்பாவுக்குள் விட்டு எடுத்த மாதிரி இருந்தன.

அந்த இடத்தில் புத்தி உள்ளவன் அசையாமல் உட்கார்ந்திருப்பான். நான் துள்ளி எழுந்து, "சாரி ஆன்ட்டி, கழுவிட்டு வந்துடறேன்" என்று குளியலறை இருக்கும் என்று நானாக முடிவு செய்த திசையில் ஓடினேன். அது துணி அலமாரி. திரும்பி ஓடினேன்.

"நில்லு! அசையாத!" என்று அங்கிள் கத்தினார்.

நின்றேன். ஒரு கால் தரையில், மற்றது காற்றில். அதைக் கீழே வைத்தால் இன்னொரு அச்சு விழும்.

ஆன்ட்டிதான் முதலில் சுதாரித்தார். நியூ ஜெர்சியில் கடைகளில் பிளாஸ்டிக் பை கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்னால் வாங்கியதையெல்லாம் ஆன்ட்டி சிங்க்குக்கு அடியில் மடித்துப் பதுக்கி வைத்திருந்தார். மகளுக்குச் சேர்த்த நகையிலிருந்து எடுப்பவரைப் போல அதிலிருந்து இரண்டு பைகளை எடுத்துவந்து கொடுத்தார். அங்கிள் என் கால்களைக் காலுக்கொரு பையில் விட்டு, கணுக்காலில் ரப்பர் பேண்ட் போட்டார். மளிகைக் கடைப் பைகள் சரசரக்க, நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன்.

சோப்பு போட்டேன். ஷாம்பூ போட்டேன். ஆன்ட்டி கதவிடுக்கு வழியாக எலுமிச்சை மூடி கொடுத்தார். தண்ணீர் நீலமாகப் போய்க்கொண்டே இருந்தது. கால் நீலமாகவே இருந்தது. வெளியே அங்கிள், "அது சாதாரணத்துல போவாதுப்பா. சாயம் நல்ல ஸ்ட்ராங்கு" என்று ஒரு கெமிஸ்ட்டின் மரியாதையோடு சொல்வது கேட்டது. அந்த வீட்டில் அன்று என்னைச் சார்ந்த ஒரு பொருளுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

மாலை விமானத்தில் தப்பித்துவிடலாம் என்றிருந்தேன். மத்தியானம் பனி கொட்ட ஆரம்பித்தது. விமானம் ரத்து என்று போனில் செய்தி வந்தது. ஹோட்டலுக்குப் போகிறேன் என்றேன். "இந்தப் பனியில எந்த டிரைவர் வருவான்? பேஸ்மென்ட்ல படுத்துக்கப்பா" என்றார் அங்கிள். ஆம்பூருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். நீலக்கால் சங்கதியைக் கேட்டு அம்மா பதறவில்லை. "நிச்சயம்கூட ஆவல, பொண்ணு வீட்ல ராத் தங்கறியா? ஊர்ல என்னடா சொல்வாங்க?" என்றுதான் பதறினார்.

மறுநாள் காலை பனி நின்றதும் அங்கிள் போய், கார்ப்பெட் கழுவும் மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்தார். "நான்தான் பண்ணுவேன் அங்கிள்" என்று பிடுங்கிக்கொண்டேன். அழித்தாக வேண்டுமே.

மெஷின் அற்புதமாக வேலை செய்தது. பிரச்சினையே அதுதான். நீலம் போன இடத்தில், அடியிலிருந்து பால் மாதிரி ஒரு வெள்ளை வந்தது. சுற்றியிருந்த சந்தன நிறத்தோடு அது ஒட்டவே இல்லை. நீலக் காலடிகளுக்குப் பதிலாக இப்போது ஹால் நெடுக வெள்ளைத் தீவுகள்.

ஆன்ட்டி வந்து பார்த்தார். குனிந்து தொட்டுப் பார்த்தார். "கார்ப்பெட் வெள்ளையா? அப்போ இத்தனை வருஷமா நான் சந்தன கலர்னு நெனச்சது..."

"அழுக்கும்மா" என்றாள் ஹரிணி.

ஆன்ட்டி சோஃபாவில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கார்ப்பெட்டுக்குப் பொருத்தமாகத்தான் திரைச்சீலையே வாங்கியிருந்தாராம்.

வேறு வழியில்லை. முழு ஹாலையும் கழுவ வேண்டியதாயிற்று. ஹாலைக் கழுவியதும் படிக்கட்டு அசிங்கமாகத் தெரிந்தது. படிக்கட்டு முடிந்ததும் மாடி. சாப்பாட்டு மேஜையை ஒரு பக்கம் நானும் மறுபக்கம் ஹரிணியும் தூக்கினோம். வழக்கமாகப் பெண் பார்க்கப் போன இடத்தில், "ரெண்டு பேரும் தனியாப் பேசிட்டு வாங்க" என்று பத்து நிமிடம் கொடுப்பார்கள். எங்களுக்கு ஒரு முழு நாள் கிடைத்தது, மண்டிபோட்டபடி.

நடுவில் அவள் என் பூட்ஸையும் தன் பூட்ஸையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். தன்னுடையதன் உள்பக்கத்தை விரலால் பிரித்துக் காட்டினாள். "பாருங்க, வுல் தோல்லேர்ந்தே முளைச்சிருக்கு. இப்போ உங்களோடது." என்னுடையதில் ரோமத்தை விலக்கினால் அடியில் வலைத்துணி தெரிந்தது. பிய்ந்த ஒரு மூலையில் பிசின்கூட எட்டிப் பார்த்தது.

"இதுல எங்கயும் ஆடே இல்ல" என்றாள்.

நானும் ஒருமுறை விரலால் விலக்கிப் பார்த்தேன்.

"எங்க கம்பெனில ஏதாவது தப்பாச்சுன்னா ரூட் காஸ் எழுதணும், யாரால, எதனால ஆச்சுன்னு. இதுக்கு என்ன ரூட் காஸ்?"

தேய்த்துக்கொண்டிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தேன். முந்தின நாளிலிருந்து என் கௌரவத்தில் மிச்சம் இருந்ததைக் கணக்குப் பார்த்தேன். தேறாது என்று தெரிந்தது. "எனக்குத் தோலைப் பத்தி ஒண்ணுமே தெரியாதுங்க. எங்கப்பா மின்சார வாரியத்துல மீட்டர் பாத்தவரு. யாரோ பெல்ட்டைக் கைல குடுத்தாங்க, மோந்து பாத்தேன். அப்படியே பழகிடுச்சு."

அவள் என்னை நன்றாகப் பார்த்தாள். அந்த ஆய்வுக்கூட வெளிச்சம் இல்லாமல் பார்த்தது அதுதான் முதல்முறை. "சீரியஸ்லி? சும்மா மோந்து பாத்தே இவ்வளவு நாள் ஓட்டிட்டீங்களா?" என்று சிரிக்க ஆரம்பித்தவள், கார்ப்பெட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மெஷினில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்த அங்கிள் காதிலும் இது விழுந்திருக்க வேண்டும். "அப்படியா? நல்லதாப் போச்சு" என்றார். "அந்த சோஃபா ரெக்ஸின்ப்பா. நேத்து சொல்லலாமா வாணாமான்னு ராத்திரியெல்லாம் யோசிச்சினு இருந்தேன்."

மறுநாள் விமான நிலையத்தில் இறக்கிவிட்டபோது அங்கிள், "யோசிச்சு சொல்றோம்ப்பா" என்றார். அந்த வாக்கியத்துக்குத் தமிழ்நாட்டில் என்ன அர்த்தம் என்பது எல்லோருக்கும் தெரியும். பிளானோவுக்கு அவருடைய பழைய ஷூவில் திரும்பினேன். ஒரு நம்பர் சின்னது. நான் வண்டியில் ஏறும்போது ரியாஸ் என் காலைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், ரேடியோவைச் சத்தமாக வைத்தான்.

ஆபீஸில் ஒரு அம்மா புதுக் கைப்பையைக் கொண்டுவந்து நீட்டினார். "தெரியாதுங்க" என்றேன். அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு இன்னும் நெருக்கமாக நீட்டினார்.

இரண்டு வாரம் கழித்து ஹரிணி கூப்பிட்டாள். குசலம் எதுவும் விசாரிக்கவில்லை. "கால் கலர் போயிடுச்சா?"

"கால் போயிடுச்சு. நகத்துல மட்டும் இன்னும் இருக்கு."

"ஓகே. அது போறதுக்குள்ள உங்க அம்மாகிட்ட சொல்லிடுங்க. எனக்கு ஓகே."

"ஏன்?" என்று கேட்டேன். (கேட்கக் கூடாத நேரத்தில் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்பதில் நான் இன்றும் நிபுணன்தான்.)

"தப்பு பண்றவங்களை நான் டெய்லி பாக்கறேன். எல்லாரும் மெஷின் மேல பழி போடுவாங்க. நீங்க மட்டும்தான் உங்க பேரை எழுதினீங்க. அதுவும் இல்லாம, மாடி ரூம் எல்லாம் வேற பளிச்னு இருக்கு."

கல்யாணம் வேலூரில் நடந்தது. நீலக்கால் கதை எனக்கு முன்னாலேயே விமானமேறி மண்டபத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. ஹரிணியின் பெரியம்மா, சித்தி, மாமா என்று ஒவ்வொருவரும் வந்து கைகுலுக்கிவிட்டு, கண்ணை மெதுவாக என் காலுக்கு இறக்கினார்கள். வெள்ளை வேட்டிக்குக் கீழே அவை சாதாரண நிறத்தில் இருந்ததில் பலருக்கு ஏமாற்றம்.

இன்று எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் ஹரிணி கல்யாண வீடியோவைப் போடுவாள். தாலி கட்டுவதைக்கூட வேகமாக ஓட்டிவிடுவாள். நிறுத்துவது ஒரே இடத்தில்தான். மாப்பிள்ளைக்குப் பாத பூஜை. என் கால்கள் வெள்ளித் தாம்பாளத்தில் இருக்கின்றன. கலா ஆன்ட்டி, அதாவது என் மாமியார், சொம்பிலிருந்து தண்ணீர் வார்க்கிறார். மாமனார் பட்டு வேட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு, பக்தி சிரத்தையோடு என் பாதங்களைத் தேய்த்துக் கழுவுகிறார். தேய்க்கிறார், தேய்க்கிறார், கல்யாண மந்திரத்துக்குத் தேவையானதைவிட நிறையவே தேய்க்கிறார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திக்கொண்டு தாம்பாளத்தின் மேல் குனிந்து, தண்ணீரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து உற்றுப் பார்க்கிறார். அப்புறம் மைக் பக்கத்தில் இருப்பது தெரியாமல் நிமிர்ந்து சொல்கிறார்:

"கலா, பயப்படாத. இந்த வாட்டி சாயம் போவல."

மண்டபமே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. மணப்பெண் முகத்தைப் பூமாலைக்குள் புதைத்துக்கொண்டு குலுங்குகிறாள். என் அம்மாகூடச் சிரிக்கிறார். புரோகிதர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளைக்கு ஏதோ பெரிய தோஷம் போலிருக்கிறது, வீட்டார் மறைத்துவிட்டார்கள் என்று நினைத்து, என்னிடமிருந்து சற்றே தள்ளி உட்கார்ந்துகொண்டு, இன்னும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்.